கோலாக் கொட்டை வந்த பாதை

புர்க்கினா பாசோ என்ற நாட்டைப் பற்றி நான் இருபது வருடத்துக்கு மேல் பாடம் நடத்தியிருக்கிறேன். மாண்ட்ரியல் டவுன்டவுனில், மெட்ரோ நிலையத்திலிருந்து வெளியே வராமலே போய்விடக்கூடிய ஒரு கட்டடத்தில் என் வகுப்பு. மேற்கு ஆப்பிரிக்காவின் பொருளாதாரப் புவியியல் என்பது பாடத்தின் பெயர். செனகல், கானா, நைஜீரியா எல்லாம் வரும். ஆனால் எனக்குப் பிடித்த நாடு அதுதான். கடல் இல்லாத நாடு. முன்பு அப்பர் வோல்டா என்று பெயர். கருப்பு, வெள்ளை, சிவப்பு என்று மூன்று வோல்டா நதிகள் அங்கிருந்து தெற்கே இறங்குகின்றன. எண்பதுகளில் அவற்றின் பெயரையும் மாற்றிவிட்டார்கள்.

பலகையில் கை போகிற போக்கில் அந்த நாட்டை வரைந்துவிடுவேன். வடக்கே முள்மரமும் மாடுகளும் உள்ள வறண்ட நிலம். நடுவில் மோசி மக்களின் பீடபூமி. மண் செம்பாறையாக இறுகிக் கிடக்கும், மழை சில மாதம்தான், ஆனால் நாட்டின் பாதி ஜனம் அங்கேதான் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கும். தென்மேற்கில் கொஞ்சம் பச்சை, பருத்தி. மொத்தம் ஏறத்தாழ ஒரு கோடிப் பேர். வேலை செய்யக்கூடிய ஆண்களில் பெரும் பங்கு ஐவரி கோஸ்ட்டின் கோகோத் தோட்டங்களுக்குப் போய்விடுவார்கள். தலைநகர் வாகடூகுவிலிருந்து அபிஜான் துறைமுகம் வரை ஒரு ரயில் பாதை. அதில் ஆட்களும் மாடுகளும் தெற்கே போவார்கள், சரக்கு வடக்கே வரும். "இந்த நாடு முதலில் ஏற்றுமதி செய்வது பருத்தியை அல்ல, தன் பிள்ளைகளை" என்பேன். மாணவர்கள் எழுதிக்கொள்வார்கள். பிறகு, என் சொந்த ஊரும் அப்படிப்பட்டதுதான், எங்கள் தாத்தாக்களும் இலங்கைக்கும் பர்மாவுக்கும் கப்பல் ஏறினவர்கள்தான் என்று சேர்த்துக்கொள்வேன். அது வகுப்பில் நன்றாக எடுபடும்.

அந்தப் பாடத்தில் கோலாக் கொட்டைக்கு ஒரு முழு வகுப்பு உண்டு. கோலா மரம் புர்க்கினாவில் விளையாது. தெற்கே மழைக்காட்டில் விளைந்து, ஈர இலையில் பொதிந்து, ரயிலேறி வடக்கே வரும். தான் விளைவிக்காத ஒரு பொருளை ஒரு சமூகம் ஏன் இவ்வளவு தூரத்திலிருந்து வரவழைக்கிறது என்று கேட்பேன். விருந்தாளி வந்தால் கோலா, சமாதானம் பேசினால் கோலா, பெண் கேட்கப் போனால் கோலா. பெண் வீட்டார் அதை வாங்கி வாயில் போட்டுக்கொண்டால் வார்த்தை கொடுத்தாயிற்று என்று பொருள். எங்கள் தமிழ்நாட்டில் வெற்றிலை பாக்கு இருக்கிற இடத்தில் அங்கே கோலா இருக்கிறது என்று முடிப்பேன். இதைப் பற்றி ஒரு கட்டுரையும் எழுதினேன். கோலா போகும் வழிகளைக் காட்டும் வரைபடம் அதற்குத் தேவைப்பட்டது. அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த என் மகள் வரைந்து கொடுத்தாள்.

இதையெல்லாம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்குத் தெரியாமல் நடந்தது எதுவும் இல்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அந்த நாட்டிலிருந்தே ஒரு மாணவர் முனைவர் பட்டத்துக்கு வந்தார். மோசி குடும்பம், கத்தோலிக்கர். நிலத்தடி நீர் அவருடைய துறை என்றாலும் என் வகுப்பிலும் வந்து உட்கார்ந்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. நான் எதையாவது சொல்லிவிட்டு அவர் பக்கம் திரும்புவேன். அவர் தலையசைப்பார். கோலா வகுப்பிலும் அப்படித்தான். "பேராசிரியர் சொல்வது சரி, என் அக்கா கல்யாணத்துக்கு நானே ரயில் நிலையத்துக்குப் போய் மூட்டையை எடுத்து வந்தேன்" என்றார். வகுப்பு சிரித்தது.

தீபாவளிக்கு என் மாணவர்களை வீட்டுக்கு அழைப்பது வழக்கம். நோத்ர-டாம்-த-கிரேஸில் இரண்டாம் மாடியில் எங்கள் வீடு. அவரும் வந்தார். ரசத்தை டம்ளரில் வாங்கிக் குடித்துவிட்டு இன்னொரு டம்ளர் கேட்டார். என் மனைவிக்கு அதிலேயே பிடித்துப்போய்விட்டது. என் மகள் அப்போது நகராட்சியின் குடிநீர்ப் பிரிவில் பொறியாளராகச் சேர்ந்திருந்தாள். குழாயையும் கிணற்றையும் பற்றி இருவரும் பேசிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். நல்ல விஷயம் என்றுதான் நினைத்தேன்.

அடுத்த வருடம் அவள் அவரைப் பற்றி எங்களிடம் சொன்னாள். சாப்பாட்டு மேசையில், சாம்பாரை ஊற்றிக்கொண்டே சொன்னாள். நான் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் ஒருவேளை நேர்மையாக இருந்திருக்கும். நான் பாடம் நடத்தினேன். அந்த நாட்டில் எத்தனை பேருக்கு எழுத்தறிவு இல்லை, பிரசவத்தில் பெண்கள் எவ்வளவு பேர் சாகிறார்கள், பஞ்சம் எந்த ஆண்டுகளில் வந்தது என்று சொன்னேன். அந்த வருடம்தான் அவர்கள் பணமான சி.எஃப்.ஏ. பிராங்கின் மதிப்பை ஒரே நாளில் பாதியாகக் குறைத்திருந்தார்கள். அதையும் எடுத்தேன். படித்த குடும்பமாக இருந்தாலும் கையில் இருந்தது பாதியாகிவிட்டதே, நாளைக்கு உன்னை அங்கே கூட்டிக்கொண்டு போனால் என்ன செய்வாய் என்றேன்.

என் மகள் பொறுமையாகக் கேட்டாள். "அப்பா, நான் நாட்டைக் கட்டிக்கப் போறதில்ல" என்றாள்.

என் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்துவிட்டேன். அந்தச் சிரிப்பை என் மகள் சம்மதம் என்று எடுத்துக்கொண்டிருக்க வேண்டும்.

வகுப்பில் அதே எண்களைத்தான் நான் வேறு விதமாகச் சொல்லி வந்தேன். இந்த எண்களை வைத்து ஒரு மக்களை எடை போடாதீர்கள் என்று சொல்லித்தான் பாடத்தையே ஆரம்பிப்பேன். வீட்டில் அவற்றை எடுத்தது, உண்மைக் காரணத்தை வெளியே சொல்ல முடியாததால். காரணம் நிறம். என் பேரப்பிள்ளையின் முகத்தையும் முடியையும் நினைத்துப் பார்த்தேன். சென்னையில் என் தங்கை வீட்டுக் கூடத்தில் அந்தப் பிள்ளையை இறக்கிவிட்டால் யார் யார் எப்படிப் பார்ப்பார்கள் என்று நினைத்தேன். இங்கே எங்கள் தமிழ் டாக்டர்கள், எஞ்சினியர்கள் கூடுகிற பொங்கல் விழாவை நினைத்தேன். நானே கறுப்புதான். என் அம்மா எனக்குப் பெண் தேடும்போது கேட்ட முதல் கேள்வி பெண் என்ன நிறம் என்பது. அதைக் கேலி செய்து பேசியவன் நான். எழுதும்போதே கூசுகிறது, ஆனாலும் காரணம் அதுதான்.

அந்த வசந்த காலத்தில் ஒரு ஞாயிறு மதியம் அந்த மாணவருடைய சிற்றப்பா எங்கள் வீட்டுக்கு வந்தார். லாசால் பகுதியில் குடியிருந்தார், அங்கே ஒரு பிரெஞ்சு உயர்நிலைப் பள்ளியில் கணித ஆசிரியர். கூடவே அவர் மனைவி. இருவரும் அவர்கள் ஊர்க் கைத்தறிப் பருத்தியில், நீலமும் வெள்ளையும் பட்டை போட்ட உடையில் வந்தார்கள். பையன் வரவில்லை. பெண் கேட்கும்போது அவர் வரக்கூடாது என்பது அவர்கள் வழக்கம். அதுவும் எனக்குத் தெரியும்.

அவர் பிரெஞ்சில் பேசினார். எனக்கு நன்றாக வரும், என் மனைவிக்கு அரைகுறை. முதலில் உடல்நலம், பிறகு பனி, பிறகு என் வேலை. தன் அண்ணன் அங்கிருந்து தொலைபேசியில் என்னென்ன சொல்லி அனுப்பினார் என்று சொன்னார். கடைசியில், "எங்கள் வீட்டுப் பையன் உங்கள் வீட்டு வாசலில் ஏதோ அழகாக ஒன்றைப் பார்த்துவிட்டானாம். அதற்குக் காவல் யார் என்று கேட்க வந்தோம்" என்றார். சிரித்துக்கொண்டே சொன்னார். எங்கள் பக்கத்தில் கொடியில் பூத்த பூவைப் பற்றி விசாரிக்கிற மாதிரி. அவர் மனைவி ஒரு சிறிய மூங்கில் கூடையை மேசைமேல் வைத்து மேலே மூடியிருந்த இலையை விலக்கினாள். சிவப்பும் வெள்ளையுமாகக் கோலாக் கொட்டைகள். மாண்ட்ரியலில் அதை எங்கே தேடிப் பிடித்தார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

என் மகள் சமையலறை வாசலில் நின்றிருந்தாள். என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சிற்றப்பா ஒரு வெள்ளைக் கொட்டையை எடுத்து இரண்டாகப் பிளந்து ஒரு பாதியை என்னிடம் நீட்டினார். அப்போது நான், யோசிக்க அவகாசம் வேண்டும் என்று சொல்லியிருக்கலாம். அவர்கள் முறையில் அதற்கு இடம் உண்டு. கூடையை அப்படியே வைத்துவிட்டுப் போவார்கள், பதில் பிறகு வரும். இதுவும் என் கட்டுரையில் இருக்கிறது. ஆனால் வீடு தேடி வந்தவர் நீட்டியதை வாங்காமல் இருக்க எனக்குக் கை வரவில்லை. மகளின் முகத்துக்கு எதிரே வேண்டாம் என்று சொல்ல நா வரவில்லை. வாங்கி வாயில் போட்டு மென்றேன். கசப்பு. மென்றுகொண்டே புன்னகை செய்தேன். சிற்றப்பா மீதிப் பாதியை மென்றார். அவர் மனைவி கையைத் தட்டி ஏதோ சொல்லிவிட்டு என் மகளைக் கட்டிக்கொண்டாள்.

அவர்கள் கிளம்பும்போது என் மனைவி, சுமங்கலி வந்து போகிறாளே என்று, அந்த அம்மாளுக்குக் குங்குமம் கொடுத்து, ஒரு தட்டில் வெற்றிலை, பாக்கு, பழம், ரவிக்கைத் துணி வைத்துக் கொடுத்தாள். எல்லா விருந்தாளிக்கும் கொடுப்பதுதான். அந்த அம்மாள் தட்டை இரு கையாலும் வாங்கித் தன் கணவரிடம் காட்டினாள். அவர் என்னைப் பார்த்துத் தலை குனிந்தார்.

கதவு மூடிய பிறகு மனைவி கூடையை எட்டிப் பார்த்தாள். "என்னது இது, மென்னீங்களே?"

"அவங்க ஊர்ப் பாக்கு மாதிரி."

"பாக்கா? பாக்கு கொண்டாந்து கொடுத்தாங்க, நீங்களும் வாங்கிப் போட்டுக்கிட்டீங்க, நானும் வெத்தலை பாக்கு கொடுத்தேன்." அவள் கூடையை என் பக்கம் நகர்த்தினாள். "அப்ப முடிஞ்சுதுன்னு சொல்லுங்க. வாயைத் தொறந்து சொன்னாத்தான் என்னவாம்?" அவளுக்கு என் கட்டுரை எதுவும் தெரியாது. தமிழச்சியாகப் பிறந்ததே போதுமாக இருந்தது. சந்தோஷமாகத்தான் சொன்னாள். அதைப் பிரித்து உறவினருக்குக் கொடுப்பது வழக்கமா என்று கேட்டாள். அதுதான் வழக்கம். எனக்குத் தெரியாது என்றேன்.

அந்த வாரமே எங்கள் தெருமுனையில் இருந்த தமிழ்க் கடைக்குப் போனேன். கடைக்காரர் யாழ்ப்பாணத்துக்காரர். எல்லோரையும் சீண்டிக்கொண்டே இருப்பார், யாருக்கும் கோபம் வராது.

"என்ன அண்ணை, வீட்டில விசேஷம் போல? அக்கா போன கிழமை வெத்திலை கட்டுக் கட்டா வாங்கினவா. ரெண்டு ஆபிரிக்க ஆக்கள் சோக்கா உடுத்திக்கொண்டு உங்கட படியேறினதைப் பொடியன்கள் கண்டவங்களாம். சம்பந்தம் கதைக்கிறியளோ?"

கேலிக்குத்தான் கேட்டார். கடையில் எனக்குப் பின்னால் எங்கள் தமிழ்ச் சங்கத்து டாக்டர் ஒருவரின் மனைவி முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"சேச்சே," என்றேன். "என் மாணவரோட உறவுக்காரங்க. சும்மா பாத்துட்டுப் போக வந்தாங்க."

"அதுதானே பாத்தன்" என்று சொல்லி அவர் கொத்தமல்லியைப் பையில் போட்டார்.

வீட்டுக்கு நடந்து வரும்போது, சொன்னதைச் சொன்னபடி ஆக்கிவிட வேண்டியதுதான் என்ற முடிவுக்கு வந்திருந்தேன். கடையில் சொன்ன பொய் எனக்கு வழி காட்டிவிட்டது. பல்கலைக்கழக அறையிலிருந்து சிற்றப்பாவின் பள்ளிக்குத் தொலைபேசி செய்தேன். பேசவேண்டியதை முன்கூட்டியே மனத்தில் பிரெஞ்சில் அடுக்கிக்கொண்டேன். தவறு நடந்துவிட்டது என்றேன். உங்கள் வழக்கம் எங்களுக்குத் தெரியாது, ஏதோ தின்பண்டம் என்று நினைத்துச் சாப்பிட்டுவிட்டேன், என் மனைவி கொடுத்ததும் சாதாரண உபசாரம், அதற்கு வேறு பொருள் இல்லை. என் மகளுக்கு இப்போது திருமணம் செய்யும் எண்ணம் எங்களுக்கு இல்லை.

மறுமுனையில் பள்ளி மணி அடிப்பது கேட்டது.

"பேராசிரியரே," என்றார், "தெரியாதவர் முதலில் இது என்ன என்று கேட்பார். நீங்கள் கேட்கவில்லை."

நான் ஏதோ சொல்லத் தொடங்கினேன். அவர் என் உடல்நலத்தை விசாரித்து, என் மனைவிக்கு வணக்கம் சொல்லி, தொலைபேசியை வைத்தார்.

இரண்டொரு நாளில் என் மகள் வந்தாள். அப்போது அவள் தனியாக ஒரு சிறிய அபார்ட்மென்டில் இருந்தாள். கோட்டைக் கழற்றவில்லை. நடையிலேயே நின்றாள்.

"அப்பா, உங்களுக்குத் தெரியாதுன்னு சொன்னீங்களாமே. நிஜமாவே தெரியாதா?"

வரைபடம் வரைந்தவள் கேட்கிறாள். ரயில் பாதைக்குச் சிவப்பு மை, லாரிப் பாதைக்குப் பச்சை மை என்று என்னோடு உட்கார்ந்து தீர்மானித்தவள். நான் தயங்கியிருக்கலாம். தயங்கவில்லை.

"வழக்கம் தெரியும்மா. ஆனா அன்னிக்கு அதுக்குத்தான் வந்திருக்காங்கன்னு எனக்குத் தோணலை. சத்தியமாத் தெரியாது" என்றேன்.

அவள் "சரி" என்றாள். சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்துத் தயாராக இருந்தேன். சரி என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அதன் பிறகு சில மாதங்களில் அவர்கள் பிரிந்தார்கள். ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை. பையன் என் வகுப்புக்கு வருவதை அதற்கு முன்பே நிறுத்தியிருந்தார். ஆய்வேட்டை முடித்துக்கொண்டு நாடு திரும்பினார். அதுவரை துறையின் நடைபாதையில் எதிர்ப்பட்டால் நின்று வணக்கம் சொல்வார். நான் வேகமாக நடப்பேன். கோலா வகுப்பைப் பாடத்திட்டத்திலிருந்து எடுத்துவிட்டேன். நேரம் போதவில்லை என்று துறையில் சொன்னேன்.

மகள் ஞாயிறுதோறும் வருவாள். மரியாதையாகப் பேசுவாள். கார், வரி, பல் டாக்டர். என் மனைவி இந்த விஷயத்தில் என்னிடம் ஒரே ஒரு முறைதான் பேசினாள். "வெத்தலை பாக்கு என் கையால கொடுத்தது. அதையும் பொய்யாக்கிட்டீங்க" என்றாள். அதற்கு மேல் ஒன்றுமில்லை.

தொண்ணூற்றெட்டு ஜனவரியில் பனிமழை பெய்து மின்கம்பிகள் அறுந்து விழுந்தன. எங்கள் தெருவில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை, வீடு குளிர்ந்துவிட்டது. மகள் இருந்த பக்கத்தில் மின்சாரம் இருந்தது. வந்து எங்களை அழைத்துப் போனாள். ஒரு மதியம் மனைவி தூங்கிக்கொண்டிருந்தாள். நானும் மகளும் ஜன்னலோரம் இருந்தோம். கண்ணாடி பூசியது போல நின்ற மரங்களில் கிளைகள் ஒவ்வொன்றாக முறிகிற சத்தம். அவ்வளவு சிறிய இடத்தில் அவளோடு அத்தனை நாள் நான் இருந்ததே இல்லை. தேநீர் எனக்குப் பிடித்தபடி, சர்க்கரை குறைத்துப் போட்டுக் கொண்டுவந்து வைத்தாள். அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை.

"அன்னிக்கு எனக்குத் தெரியும்" என்றேன். "தெரிஞ்சுதான் வாங்கி மென்னேன்."

"தெரியும்ப்பா" என்றாள். குரலில் ஆச்சரியம் இல்லை.

பிறகு அவள் சொன்னது எனக்குத் தெரியாத விஷயம். என்னிடம் கேட்டுவிட்டுப் போன அன்றே அவள் அந்த மாணவரைப் பார்க்கப் போயிருக்கிறாள். அப்பாவுக்கு உண்மையிலேயே தெரியவில்லை, கட்டுரையில் எழுதுவது வேறு, வீட்டில் நடக்கும்போது புரிந்துகொள்வது வேறு, எடுத்துச் சொன்னால் ஒத்துக்கொள்வார் என்று சொல்லியிருக்கிறாள். அவர் எனக்கு முன்னால் உட்கார்ந்து அந்தப் பாடத்தைக் கேட்டவர். பெண் வீட்டார் மென்றால் என்ன பொருள் என்று நான் சொல்லச் சொல்லத் தலையசைத்தவர். நீ இதை நம்புகிறாயா என்று ஒரே ஒரு முறை கேட்டாராம். நம்புகிறேன் என்றாளாம்.

"நான் பொய் சொல்றேன்னு அவருக்குத் தெரிஞ்சுபோச்சு. நீங்க வேண்டாம்னு சொன்னதை அவர் பெரிசா எடுத்துக்கலப்பா. காத்திருக்கலாம்னார். நான் உங்களுக்காக அவர்கிட்ட பொய் சொன்னேன் பாருங்க, அதுக்கப்புறம் ரெண்டு பேராலயும் சரியாப் பேசிக்க முடியல. நான் என்ன சொன்னாலும் அவர் ஒரு நிமிஷம் யோசிச்சார்."

"ஏம்மா அப்படிச் சொன்னே?"

"உங்கள விட்டுக்கொடுக்க முடியல."

நான் அழுதேன். அவள் என்னைத் தேற்ற வரவில்லை, தேற்றியிருக்கவும் கூடாது. அவருக்கு ஒரு கடிதம் எழுதட்டுமா என்று கேட்டேன். அவருக்குத் திருமணமாகிவிட்டது, குழந்தை இருக்கிறது, நிம்மதியாக இருக்கட்டும் என்றாள். பிறகு சற்று யோசித்து, "அவர் சித்தப்பாகிட்டப் போய்ச் சொல்லுங்க. நம்ம வீட்டுப் படியேறி வந்தவர் அவர்தான்" என்றாள்.

தெருக்கள் சரியானதும் பஸ் பிடித்து லாசாலுக்குப் போனேன். கதவைத் திறந்தவர் என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டார். உள்ளே அழைத்து உட்கார வைத்தார். அவர் மனைவி வந்து பார்த்து, தலையசைத்துவிட்டு உள்ளே போனாள். நான் சொல்ல வந்ததை நின்றுகொண்டே சொன்னேன். எனக்குத் தெரிந்திருந்தது, பொய் சொன்னேன், உங்கள் பையனை வேண்டாம் என்றதற்குக் காரணம் அவர் நிறம்தான் என்றேன். அந்தக் கடைசி வார்த்தையை நான் அதுவரை யாரிடமும் சத்தமாகச் சொன்னதில்லை. இதை ஊரில் உங்கள் அண்ணனுக்கும் தெரிவிக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன்.

அவர் கைகளைக் கோத்துக்கொண்டு கேட்டார். முகம் மாறவில்லை.

"அதை நான் செய்ய முடியாது" என்றார். "உங்களுக்கு வழக்கம் தெரியாது என்றுதான் என் அண்ணனிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அந்நிய தேசத்து மனிதர், தெரியாமல் செய்துவிட்டார் என்று அவர் சமாதானம் ஆகிவிட்டார். அவருக்கு வயதாகிவிட்டது. அவர் மகனை ஒருவர் தெரிந்தே ஒதுக்கினார் என்பதை நான் எதற்காக இப்போது அவரிடம் கொண்டு போக வேண்டும்? உங்களுக்கு மனம் லேசாவதற்காகவா?"

அவர் எழுந்து என் கோட்டை எடுத்துக் கொடுத்தார். பஸ் நிறுத்தம்வரை கூடவே நடந்து வந்தார், நடைபாதையில் பனி வழுக்கும் என்பதற்காக.

ஆகவே வாகடூகுவில் ஒரு வீட்டில், என்னைப் பார்த்திராத ஒரு முதியவரின் நினைப்பில், நான் அவர்கள் வழக்கம் அறியாத ஒரு நல்ல மனிதன். அவர் இப்போது இருக்கிறாரோ இல்லையோ. அதைத் திருத்த எனக்கு உரிமை இல்லை என்பதை ஒத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.